மருந்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: தில்லித் தமிழர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தெற்கு தில்லியில் ஒரு மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திருக்கு வருகிறவர்களில் பலர் திரும்பும் வழியில் எங்கள் கடையில் நிற்பார்கள். மருந்து வாங்கத்தான் வருவார்கள் என்றில்லை. தமிழில் கேட்டால் தமிழில் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்று கையில் செல்போனோடு வருகிறவர்கள் நிறைய. அவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் அரசாங்கத் தளங்களிலேயே பதில் இருக்கிறது. எந்தத் தளத்தில், எந்த மூலையில், அதை எப்படிப் படிப்பது என்பதுதான் சிக்கல். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மருந்துகளைக் கண்காணிப்பது எந்த அலுவலகம்?

ஒரே அலுவலகமாக இருந்தால் இந்தக் கேள்வியே வராது. புதிய மருந்துக்கு அனுமதி தருவது, மாதந்தோறும் தரம் தவறிய மருந்துகளின் பட்டியலை வெளியிடுவது எல்லாம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வேலை. சிடிஎஸ்சிஓ என்று சொல்வார்கள். இங்கேதான், கோட்லா சாலையில் எஃப்டிஏ பவனில் இருக்கிறது. மருந்துக்கடைகளுக்கு உரிமம் தந்து சோதனை போடுவது மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. தில்லி அரசின் துறை கர்கர்டூமாவில் இருக்கிறது. பக்க விளைவுப் புகார்களைச் சேர்ப்பது காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம். விலைக்குத் தனியாக தேசிய மருந்து விலை ஆணையம், அதாவது என்பிபிஏ. ஆக, நான்கு வாசல். எந்த வாசலைத் தட்டுவது என்று தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

பாராசிட்டமாலைத் தடை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறதே?

இதை மாதம் ஒருமுறையாவது யாராவது கேட்டுவிடுவார்கள். தடை எதுவும் இல்லை. நடப்பது இதுதான்.

மத்திய, மாநில ஆய்வாளர்கள் கடைகளிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் மருந்து மாதிரிகளை எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறாதவற்றின் பட்டியலை சிடிஎஸ்சிஓ மாதாமாதம் தன் தளத்தில் போடுகிறது. அந்தப் பட்டியலில் மருந்தின் பெயர் இருக்கும், கூடவே பேட்ச் எண் (ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்த தொகுதிக்கான எண்), தயாரித்த தேதி, காலாவதித் தேதி, நிறுவனம், எந்தச் சோதனையில் தவறியது என்ற காரணம் எல்லாம் இருக்கும். குற்றம் அந்த ஒரு பேட்ச் மேல்தான். அதே நிறுவனம் அதற்கு முந்தைய வாரம் செய்த மாத்திரை தேறியிருக்கலாம். வேறு நிறுவனத்தின் பாராசிட்டமாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வாட்ஸ்அப்பில் பேட்ச் எண்ணை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் அனுப்புகிறார்கள். அங்கேதான் செய்தி வதந்தியாக மாறுகிறது. 2024 ஆகஸ்ட் மாதப் பட்டியலில் 53 மருந்துகள் இருந்தன. அதில் வீட்டுக்கு வீடு இருக்கும் கால்சியம், அசிடிட்டி மாத்திரைப் பெயர்களும் வந்தன. அடுத்த ஒரு வாரம் எங்கள் கடையில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக்கூடத் திருப்பித் தர வந்தார்கள். அந்தப் பட்டியலில் சில பேட்ச்களைத் தாங்கள் தயாரிக்கவே இல்லை, தங்கள் பெயரில் யாரோ செய்த போலி என்று நிறுவனங்கள் சொல்லியிருந்தன.

தரமற்றது, போலி, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சட்டத்திலும் வேறு, பட்டியலிலும் வேறு.

தரமற்றது என்றால் உரிமம் உள்ள நிறுவனம் செய்த மருந்து ஒரு சோதனையில் தவறிவிட்டது. காரணக் கட்டத்தில் 'டிசல்யூஷன்' என்று இருந்தால் மாத்திரை வேண்டிய நேரத்துக்குள் வேண்டிய அளவு கரையவில்லை. 'அஸே' என்றால் அட்டையில் போட்ட அளவு மருந்து உள்ளே இல்லை, அல்லது கூடுதலாக இருக்கிறது. 'டிஸ்கிரிப்ஷன்' என்றால் நிறமோ தோற்றமோ சரியில்லை. எல்லாம் ஒரே கனமுள்ள தவறு இல்லை. வலிப்பு மருந்தில் அளவு குறைவதும் ஒரு வைட்டமின் மாத்திரை நிறம் மாறுவதும் ஒன்றாகுமா?

போலி என்பது வேறு ஆள் வேறு ஒருவரின் பெயரைப் போட்டு விற்பது. பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில், லேபிளில் பெயருள்ள நிறுவனம் இந்த பேட்ச்சைத் தயாரிக்கவில்லை என்று தெரிவித்திருக்கிறது, விசாரணைக்கு உட்பட்டது என்று குறிப்பு இருக்கும். அதைப் பார்த்தால் நிறுவனத்தைத் திட்டாதீர்கள். எந்தக் கடையில் வாங்கினோம் என்று யோசியுங்கள்.

2024 மார்ச்சில் தில்லிக் காவல்துறையின் குற்றப்பிரிவு ஒரு கும்பலைப் பிடித்தது. புற்றுநோய் மருந்தின் காலிக் குப்பிகளை மருத்துவமனை ஊழியர்கள் சிலரிடமிருந்து வாங்கி, வேறு மருந்தை நிரப்பி விற்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து கீமோ எடுக்கிறவர்களின் வீட்டாரிடம் நான் ஒன்று சொல்வேன்: உங்கள் காசில் வாங்கிய குப்பி, ஊசி போட்டு முடிந்ததும் உங்கள் கண்முன் பேட்ச் எண் அழியும்படி லேபிளைக் கிழித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பேட்ச் எண் எங்கே இருக்கும்?

மாத்திரை அட்டையின் பின்பக்கம், ஓரத்தில், அச்சுக்குத்திய எழுத்தில். 'பி. நோ.' என்றோ 'பேட்ச் நோ.' என்றோ தொடங்கும். பக்கத்திலேயே தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு மாமி. எழுபது வயது, ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. மாத்திரை வாங்கியதும் அட்டையைக் கத்தரித்து, காலை மாலை என்று டப்பாவில் போட்டு வைத்துவிடுவார். மிச்ச அட்டை குப்பைக்குப் போய்விடும். ஒரு மாதம் பட்டியலில் அவர் சாப்பிடும் மருந்தின் பேட்ச் ஒன்று வந்தது. அவரிடம் இருப்பது அதுவா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை. கடைசியில் பழைய பில்லைத் தேடி எடுத்து, அதில் பேட்ச் எண் இருந்ததால் பிழைத்தோம். அவருடையது வேறு பேட்ச்.

அதனால், அட்டையை வெட்டினாலும் எண் உள்ள துண்டைக் கடைசிவரை வைத்திருங்கள். அதைவிட எளிது, வாங்கியவுடன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுவது. பில் கட்டாயம் வாங்குங்கள். பேட்ச் எண் இல்லாத பில்லைக் கடைக்காரர் கொடுத்தால், எண் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அட்டையில் ஒரு கியூஆர் கோடு இருக்கிறதே, அது எதற்கு?

அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் கோடோ பார்கோடோ போட வேண்டும் என்று விதி. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரித்தவற்றுக்குப் பொருந்தும். செல்போனில் ஸ்கேன் செய்தால் மூலப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), பிராண்டு பெயர், தயாரித்தவரின் பெயர் விலாசம், பேட்ச் எண், இரண்டு தேதிகள், உரிம எண் எல்லாம் வரும். வருவது அட்டையில் அச்சாகியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பேட்ச் எண் மாறியிருந்தால் சாப்பிடாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஒத்துப்போனால் அசல் என்று நூறு சதவீதம் அர்த்தமில்லை. போலி செய்கிறவர்கள் அந்த கியூஆர் கோடு உட்பட எல்லாவற்றையும் நகலெடுக்க முடியும். 300 பிராண்டு தவிர மற்றதில் கோடு இல்லையே என்று பயப்படவும் வேண்டாம்.

என் மருந்து எதற்கு, என்ன பக்க விளைவு என்று அரசாங்கத் தளத்தில் படிக்க முடியுமா?

நம் நாட்டுத் தளத்தில் சாதாரண மனிதர் படிக்கிற மாதிரி மருந்துக்கு ஒரு பக்கம் என்று கிடையாது. சிடிஎஸ்சிஓ தளத்தில் அனுமதி பெற்ற புதிய மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. எதற்காக அனுமதி, எந்தத் தேதியில் என்று ஒரு வரி இருக்கும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் பெரும்பாலும் டாக்டருக்காக எழுதியது. இதை எனக்குச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்பும் நாடு, அந்த மாத்திரையை விளக்கும் ஒரு பக்கத்தைத் தன் மக்களுக்கு எழுதவில்லை.

வெளிநாட்டுத் தளங்களைத்தான் நானும் காட்டுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஐரோப்பிய மருந்து முகமை, தான் ஆராய்ந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அனுமதி கிடைத்த ஒவ்வொரு மருந்துக்கும் கேள்வி-பதில் நடையில் எளிய சுருக்கம் போடுகிறது: எதற்கு, எப்படி வேலை செய்கிறது, ஏன் அனுமதி கிடைத்தது. நோயாளிக்கான தாளை ஒன்றியத்தின் எல்லா ஆட்சிமொழிகளிலும் தருகிறது. ஆனால் பழைய, சாதாரண மருந்துகள் பல அந்தந்த நாட்டு அலுவலகத்தின் அனுமதி பெற்றவை. அவற்றை அங்கே தேடினால் கிடைக்காது. அதற்கு பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏவின் தளத்தில் நோயாளித் தாள்கள் உண்டு. அமெரிக்க மருந்து லேபிள்கள் 'டெய்லிமெட்' என்ற தளத்தில் முழுதாக இருக்கின்றன. அதை நடத்துவது அவர்களுடைய தேசிய மருத்துவ நூலகம்.

தேடும்போது பிராண்டு பெயரைப் போடாதீர்கள். நம் ஊர் பிராண்டு அங்கே இருக்காது, அதே பெயரில் வேறு மருந்து இருக்கவும் கூடும். அட்டையில் சின்ன எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் போடுங்கள். அதிலும் அமெரிக்கா தனி வழி. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமால் அங்கே அல்பூட்டரால்.

அதில் போட்டிருக்கும் பக்க விளைவுகளைப் படித்தால் மாத்திரையே சாப்பிடத் தோன்றவில்லை. என்ன செய்வது?

பட்டியலின் நீளத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை பேருக்கு என்று பாருங்கள். ஐரோப்பியத் தாள்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. 'மிகப் பரவலாக' என்றால் பத்தில் ஒருவருக்கு மேல். 'பரவலாக' என்றால் பத்தில் ஒருவர் முதல் நூறில் ஒருவர் வரை. 'மிக அரிதாக' என்றால் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. குமட்டலும் கல்லீரல் பாதிப்பும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு தூரம் இருக்கலாம்.

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு அம்லோடிபின் எழுதியிருந்தார்கள், ரத்த அழுத்தத்துக்கு. கணுக்கால் வீங்கியது. மகள் இணையத்தில் படித்து, இந்த மாத்திரையால்தான் என்று சொல்லிவிட்டாள். அவள் படித்தது சரி. அந்த வீக்கம் இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு. ஆனால் யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து அழுத்தம் எகிறி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், வீக்கமும் போய்விட்டது. முதல் நாளே அந்தத் தகவலை டாக்டரிடம் கொண்டு போயிருந்தால் அந்த மூன்று வாரமும் வேண்டியிருக்காது.

அமெரிக்காவில் தடை, இங்கே விற்கிறார்கள் என்கிறார்களே?

சில மருந்துகளில் அது உண்மை. அனால்ஜின் என்று நாம் சொல்லும் வலி மருந்து மெட்டமிசோல் 1977இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. இந்தியாவில் 2013 ஜூனில் நிறுத்திவைத்தார்கள், 2014இல் நிபந்தனைகளோடு திரும்ப அனுமதித்தார்கள். ஒவ்வொரு நாடும் தனக்குக் கிடைத்த சான்றை வைத்து முடிவெடுக்கிறது. வலி, காய்ச்சலுக்குத் தரும் நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று இங்கே 2011இலேயே ஆணை வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்க்கும் கலவைகளில், காரணமில்லாதவை என்று 2016இல் 344, 2024 ஆகஸ்டில் 156 எனத் தடை செய்தார்கள். சில தடைகள் நீதிமன்றம் வரை போயின. இந்தப் பட்டியலும் சிடிஎஸ்சிஓ தளத்தில் இருக்கிறது. வீட்டில் பழைய கலவை மாத்திரை இருந்தால் அதில் தேடிப் பார்க்கலாம்.

குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்கலாமா? கேட்கவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாத தொழிற்சாலை நஞ்சு அது. 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே பொருளால் இறந்துதான் அங்கே மருந்துச் சட்டம் கடுமையானது. 1998இல் இங்கே, தில்லி-குர்கான் பகுதியில் குழந்தைகள் இதனால் இறந்தார்கள். அந்த வருடம் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருடம் கழித்து அதே நஞ்சின் பெயரை அரசு அறிவிப்பில் படித்தபோது கைநடுங்கியது.

அந்த மருந்தில் இருந்த குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே உத்தரவு போயிருந்தது. இணையத்தில் கிடந்தது அந்தக் கடிதம். எத்தனை தாய்மார்கள் பார்த்திருப்பார்கள்? 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் சொன்னது இது: இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதக் கூடாது; ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை. கடையில் நான் இந்த ஒரு வரியைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிரப் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் குழந்தையின் வயதைத்தான் கேட்பேன். வாங்காமல் போனால் போகட்டும்.

பக்க விளைவு வந்தால் நானே புகார் சொல்லலாமா? டாக்டர்தான் சொல்ல வேண்டுமா?

நீங்களே சொல்லலாம், தமிழிலேயே சொல்லலாம். இது பலருக்குத் தெரியவில்லை.

பக்க விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 ஜூலையில் இங்கே எய்ம்ஸில் தொடங்கி, 2011இல் காசியாபாத்துக்கு மாறியது. பொதுமக்களுக்கான படிவத்தை இந்திய மருந்தியல் ஆணையம் தன் தளத்தில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வைத்திருக்கிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024, வேலை நாட்களில் பேசலாம். நான்கு விவரம் போதும்: யாருக்கு வந்தது, யார் சொல்கிறீர்கள், எந்த மருந்து, என்ன ஆயிற்று. மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு மெஃபெனமிக் அமிலத்தைக் காட்டுவேன். மாதவிலக்கு வலிக்கு நம் பெண்கள் கேட்டு வாங்கும் மருந்து. வந்து சேர்ந்த புகார்களைப் பார்த்து 2023 நவம்பர் 30 அன்று ஆணையம் எச்சரிக்கை விட்டது: அரிதாக, காய்ச்சலும் தோல் தடிப்பும் நிணநீர்க்கட்டி வீக்கமுமாக வந்து உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் கடுமையான ஒவ்வாமை வரலாம். மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் வரக்கூடியது என்பதால் பலர் மருந்தோடு அதை முடிச்சுப் போடுவதில்லை.

விலை அதிகம் வாங்குகிறார்களா என்று எப்படித் தெரியும்?

'ஃபார்மா சஹி தாம்' என்று என்பிபிஏவின் செயலி இருக்கிறது. பிராண்டு பெயரைப் போட்டால் விலையும், அதே மருந்துள்ள வேறு பிராண்டுகளின் விலையும் வரும். 2022இன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு உச்சவரம்பு உண்டு. மற்றவற்றின் விலையை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. புகாருக்கு 1800 111 255.

மருந்தின் மேலேயே சந்தேகம். சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, கட்டணம் கட்டினால் எந்தக் குடிமகனும் தான் வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம் என்கிறது. பில்லும் பிரிக்காத அட்டையும் வேண்டும். அவசரமென்றால் முதலில் தில்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கர்கர்டூமா அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். சந்தேகம் வந்த மருந்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிறகு சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

அட்டையில் இடது ஓரமாகச் சிவப்புக் கோடு ஏன்?

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். ஆன்டிபயாடிக்குகளில் பார்ப்பீர்கள். போன தடவை கேட்டது என்று நீங்களாக வாங்க வராதீர்கள். நான் தர மாட்டேன்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், ஆறு மாத்திரை சாப்பிடுகிறார். இங்கிருந்து நான் என்ன பார்க்க முடியும்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது விட்டு ஆறு அட்டையின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலப்பெயர், பேட்ச், காலாவதி மாதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் காலாவதி. அடுத்து, ஒரே மூலப்பெயர் இரண்டு அட்டையில் இருக்கிறதா பாருங்கள். இரண்டு டாக்டர்கள் இரண்டு பிராண்டில் ஒரே மருந்தை எழுதி, அம்மா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது நான் அடிக்கடி பார்ப்பது. அப்படி இருந்தால் அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை சிடிஎஸ்சிஓ பட்டியலைத் திறந்து ஆறு பேட்ச் எண்களையும் தேடுங்கள். பத்து நிமிடம் ஆகும். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்கச் சிரமமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தாளோடு கடைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.